மான்ஹைமிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். தம்பி எம்.பி.ஏ. படிக்க ஜெர்மனிக்கு வரப் பிரியப்படுவதாகவும், அதற்காக ஆற்றோர வயலை அடகு வைக்க நீங்கள் யோசிப்பதாகவும் அம்மா சொன்னாள். போனில் பேசினால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன்.

இங்கே பட்டத்துக்கு மரியாதை அதிகம். முனைவர் பட்டத்தைப் பாஸ்போர்ட்டிலேயே போட்டுக்கொள்ளலாம். எங்கள் கட்டடத்து வாசலில் இரண்டு பெயர்களுக்கு முன்னால் 'டாக்டர்' என்று இருக்கிறது, இருவருமே மருத்துவர் இல்லை. ரைன் ஆற்றின் அக்கரையில், லுட்விக்ஸ்ஹாஃபனில், பிஏஎஸ்எஃப் ரசாயன ஆலை இருக்கிறது. ஒரு ஊர் அளவுக்குப் பெரியது. 2024இல் அதன் தலைவரான மார்குஸ் கமீத், அவருக்கு முன்பிருந்த மார்ட்டின் புரூடர்மியூலர், இருவரும் வேதியியலில் முனைவர்கள். நடத்துகிற தொழிலையே ஆழமாகப் படித்தவர்கள். அந்தப் படிப்பின் மதிப்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் பக்கத்திலேயே வால்டோர்ஃபில் எஸ்ஏபி என்ற மென்பொருள் நிறுவனமும் இருக்கிறது. அதன் தலைவர் கிறிஸ்டியன் க்ளைன் 1999இல் மாணவராக அங்கே சேர்ந்தவர். இதே மான்ஹைமில் வேலையோடு சேர்ந்த வணிகப் படிப்பு படித்தார். இப்போதும் அந்த முறை உண்டு: மூன்று மாதம் வகுப்பு, மூன்று மாதம் கம்பெனி, சம்பளமும் வரும். முனைவர் பட்டம் இல்லாமலே 2020இல் முழுப் பொறுப்பும் அவர் கைக்கு வந்தது.

எங்கள் அலுவலகத்தில் ஆள் எடுக்கும்போது நானும் உட்காருகிறேன். சான்றிதழை ஒரு பார்வை பார்ப்போம். அப்புறம் கேட்பதெல்லாம், எந்தச் சரக்கைக் கையாண்டாய், சரக்கு தாமதமானபோது என்ன செய்தாய் என்பதுதான். பி.காம். முடித்த கையோடு எம்.பி.ஏ. படித்த பிள்ளைகள் அங்கேதான் திணறுகிறார்கள். பார்க்கவே பாவமாக இருக்கும். நல்ல எம்.பி.ஏ. கல்லூரிகளே சில வருட வேலை அனுபவம் கேட்கின்றன.

செலவும் பாருங்கள். இந்த மாநில அரசுப் பல்கலைக்கழகத்தில் முதுகலை என்றால் இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு ஆறு மாதப் பருவத்துக்கு 1,500 யூரோ. எம்.பி.ஏ.வுக்குப் பல பத்தாயிரம் யூரோ ஆகும். தங்கும் செலவு தனி.

தம்பிக்குக் கோயம்புத்தூர் மில்லில் வந்திருக்கிற வேலையில் முதலில் சேரட்டும். இரண்டு மூன்று வருடம் கொள்முதல், கணக்கு எல்லாம் பழகட்டும். மாலையில் ஜெர்மன் படிக்கட்டும், வகுப்புக் கட்டணம் நான் அனுப்புகிறேன். அதற்குப் பிறகும் எம்.பி.ஏ. வேண்டும் என்றால் விண்ணப்பம் நிரப்புவது என் பொறுப்பு.

வயல் பத்திரத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை அவனை என்னோடு பேசச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்