நீலகிரி சுற்றுலாத் தொழிலாளர்களைக் கணக்கெடுத்து நல வாரியங்களில் சேர்க்கக் கோரும் மனு

அனுப்புநர்:
உதகமண்டலத்தில் வாடகைச் சுற்றுலா வாகனம் ஓட்டும் தொழிலாளியும், இதில் கையொப்பமிட்டுள்ள சக தொழிலாளர்களும்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
நீலகிரி மாவட்டம், உதகமண்டலம்.

பொருள்: சுற்றுலாவை நம்பிப் பிழைக்கும் தொழிலாளர்களைக் கணக்கெடுப்பது, நல வாரியப் பதிவு, சீசன் இல்லாத மாதங்களுக்கான வேலை ஆகியவை தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். நான் பதினெட்டு ஆண்டுகளாக உதகையில் சுற்றுலா வாகனம் ஓட்டி வருகிறேன். என்னோடு கையொப்பமிட்டிருப்பவர்களில் தங்கும் விடுதிகளில் அறை சுத்தம் செய்யும் பெண்கள், சமையல் மாஸ்டர்கள், வர்க்கி சுடும் பேக்கரித் தொழிலாளர்கள், தைலமும் கம்பளி ஆடையும் விற்கும் சாலையோர வியாபாரிகள், குதிரைச் சவாரி நடத்துவோர் எனப் பலரும் இருக்கிறார்கள். எங்கள் அனைவருக்கும் ஏப்ரல், மே, ஜூன் ஆகிய மூன்று மாதங்களில் கிடைப்பதே ஆண்டின் பெரும்பகுதி வருமானம். செப்டம்பர், அக்டோபரில் வரும் இரண்டாம் சீசன் ஓரளவுக்குக் கைகொடுக்கும். மழையும் பனியும் கொட்டும் மற்ற மாதங்களைக் கடன் வாங்கித்தான் கடக்கிறோம்.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி மலைக்கு வரும் வாகனங்கள் இணையத்தில் முன்கூட்டியே அனுமதி பெறும் இ-பாஸ் முறை 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்ததும், 2025-ஆம் ஆண்டு கோடைக்கு நாளொன்றுக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பு விதிக்கப்பட்டதும் தாங்கள் அறிந்தவையே. இதை எதிர்த்து நாங்கள் இம்மனுவை எழுதவில்லை. மே மாதத்தில் பர்லியாறு சாலையில் மணிக்கணக்காக நின்ற வாகன வரிசையையும், அதில் சிக்கிய ஆம்புலன்சுகளையும் கண்ணால் கண்டவர்கள் நாங்கள். சோலைக்காடும் நீரூற்றும் அழிந்தால் முதலில் பிழைப்பை இழக்கப்போவதும் நாங்களே. ஆனால், மலைக்கு ஒரு நாளில் எத்தனை வாகனங்கள் ஏறலாம் என்று துல்லியமாகச் சொல்ல முடிகிற நிலையில், அந்த வாகனங்களை நம்பி எத்தனை குடும்பங்கள் அடுப்பு மூட்டுகின்றன என்று கேட்டு எங்களில் எவர் வீட்டுக்கும் இதுவரை யாரும் வந்ததில்லை. இந்தக் கணக்கு இல்லாமல் எடுக்கப்படும் எந்த முடிவிலும் எங்கள் பாடு இடம்பெற வழியில்லை என்பதே எங்கள் கவலை.

இந்த மாவட்டத்தின் மக்கள்தொகை 2001-இல் 7,62,141 ஆக இருந்து 2011-இல் 7,35,394 ஆகக் குறைந்தது. பத்து ஆண்டுகளில் 26,747 பேர் குறைந்திருக்கிறார்கள். பச்சைத் தேயிலைக்கு விலை இல்லாமல் சிறு விவசாயிகளின் பிள்ளைகள் கோவைக்கும் திருப்பூருக்கும் போனதை நாங்கள் அருகிலிருந்து பார்த்தோம். 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையும் நின்றுபோனது. மாதச் சம்பளம் தந்த வேலைகள் இப்படி ஒவ்வொன்றாகக் குறையக் குறைய, மிச்சமிருந்தவர்கள் சுற்றுலாவுக்குள் வந்து சேர்ந்தோம். இப்போது அதுவும் இல்லாவிட்டால் மலையை விட்டு இறங்குவதைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. குடியிருந்த வீடுகள் காட்டேஜுகளாக மாறி, தொழிலாளர்களுக்கு வாடகைக்கு ஓர் அறை கிடைப்பதே அரிதாகிவிட்டதையும் இங்கே சொல்ல வேண்டும். விடியற்காலையில் விடுதி அறையைத் துடைக்க வரும் பெண் நெடுந்தொலைவில் இருக்கும் கிராமத்திலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து வருகிறார்.

ஆகவே, அடுத்த கோடை சீசன் தொடங்கும் முன்பாக, ஆறு வட்டங்களிலும் சுற்றுலா சார்ந்த தொழிலாளர்களை வார்டு வாரியாகவும் ஊராட்சி வாரியாகவும் கணக்கெடுக்க உத்தரவிடுமாறு வேண்டுகிறோம். அந்தக் கணக்கில் இடம்பெறுவோரை அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியங்களில் பதிவு செய்யச் சிறப்பு முகாம்களும் நடத்த வேண்டும். கல்வி உதவி, மகப்பேறு உதவி, விபத்து நிவாரணம், 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் ஆகியவற்றை வாரியங்கள் வழங்குகின்றன. ஆனாலும் சீசனுக்கு மட்டும் ஆள் எடுக்கும் முதலாளிகள் வேலைச் சான்று தரத் தயங்குவதால் எங்களில் பலர் பதிவு செய்ய முடியாமல் வெளியே நிற்கிறோம். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் நான்கு ஆண்டுகள் கேட்டும் ஒரு கையெழுத்து கிடைக்கவில்லை. அரசே நடத்தும் கணக்கெடுப்பைச் சான்றாக ஏற்றுக்கொண்டால் இந்தத் தடை நீங்கும்.

சாலையோர வியாபாரிகளைப் பொறுத்தவரை, 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இடம்பெற வேண்டும். அந்தக் குழுவைக் கேட்காமல் சீசன் நேரத்தில் கடைகளை அப்புறப்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

மற்றொரு வேண்டுகோள், வாகன வரம்பையே எங்களுக்கு வேலையாக மாற்றித் தரக்கூடியது. வெளியூர் வாகனங்களை நகருக்கு வெளியே நிறுத்தச் செய்து, அங்கிருந்து தாவரவியல் பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா போன்ற இடங்களுக்குப் பயணிகளை நிர்ணயித்த கட்டணத்தில் உள்ளூர் வாகனங்கள் ஏற்றிச் செல்ல ஏற்பாடு செய்தால், நகருக்குள் நெரிசல் குறையும், ஓட்டுநர்களுக்கும் தினக்கூலி உறுதியாகும். மழை மாதங்களில் அந்நிய மரங்களையும் உண்ணிச் செடிகளையும் அகற்றுதல், நடைபாதைகளைச் சீரமைத்தல் போன்ற பணிகளிலும் எங்களுக்கு முன்னுரிமை தர வேண்டுகிறோம்.

இக்கோரிக்கைகள் குறித்து நேரில் விளக்க எங்களுக்கு ஒரு நாள் ஒதுக்கித் தருமாறும், எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சுற்றுலாத் தொழிலாளர்கள்

இடம்: உதகமண்டலம்