வீட்டிலுள்ள கீபோர்டைக் கணினியுடன் இணைப்பது குறித்து

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இந்தப் பருவம் முதல் நம் பள்ளி இசை அறையின் கணினிகள் லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் இயங்குகின்றன. ரோஸ்கார்டன், க்யூட்ராக்டர், ஆர்டோர் ஆகிய மென்பொருள்களில் பிள்ளைகள் இசையமைத்துப் பழகுகிறார்கள். வீட்டிலும் செய்து பார்க்க ஆசைப்படுகிறார்கள். அதற்குப் புதிய கருவி வாங்கித்தர வேண்டுமா என்று உங்களில் பலர் கேட்டிருந்தீர்கள்.

வேண்டாம். அலமாரியின் மேல் உறை போட்டுக் கிடக்கும் பழைய கீபோர்டை முதலில் கீழே இறக்குங்கள். அதன் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். ஐந்து சிறு துளைகள் அரைவட்டமாக அமைந்த வட்ட இணைப்புமுகம் இருந்தால் அதுதான் மிடி, அதாவது இசைக்கருவிகளும் கணினியும் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்ளும் பொதுமுறைக்கான இணைப்பு. 1983 ஜனவரியில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சி ஒன்றில், இரு வேறு நிறுவனங்களின் கருவிகளான புராஃபெட் 600-ஐயும் ஜூபிடர் 6-ஐயும் ஒரே கேபிளால் இணைத்து, ஒன்றை வாசிக்க மற்றொன்று ஒலிப்பதைக் காட்டினார்கள். அன்று அந்தக் கேபிளில் சென்ற அதே வகைச் செய்திகளை இன்றைய லினக்ஸ் கணினியும் புரிந்துகொள்கிறது. வட்ட இணைப்புமுகம் இருந்தால் யூஎஸ்பி மிடி கேபிள் ஒன்று தேவைப்படும். கருவியிலேயே யூஎஸ்பி இருந்தால், பொதுத்தரத்தைப் பின்பற்றும் கருவிகளுக்குத் தனி டிரைவர் (கருவியைக் கணினிக்கு அறிமுகப்படுத்தும் மென்பொருள்) எதுவும் நிறுவ வேண்டியதில்லை.

கணினி கெட்டுவிடுமோ என்று தயங்க வேண்டாம். ஐந்து துளை மிடியில் செய்தியைப் பெறும் முனையில் ஒளிவழியாகச் செய்தியைக் கடத்தும் ஓர் உறுப்பு இருக்கிறது. அதனால் இரு கருவிகளின் மின்சுற்றுகளும் நேரடியாகத் தொட்டுக்கொள்வதில்லை. கேபிளை மாற்றிச் செருகினால் வேலை செய்யாது, அவ்வளவுதான். மின் அடாப்டர் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். அந்தக் கருவிக்கு உரிய அடாப்டரைத் தவிர வேறெதையும் பிள்ளைகள் செருக விடாதீர்கள்.

இனி, வீட்டில் பெரும்பாலும் நடக்கப்போவதைச் சொல்கிறேன். பிள்ளை எல்லாவற்றையும் இணைத்துவிட்டு, கட்டையை அழுத்தும். கணினியிலிருந்து ஒரு சத்தமும் வராது. அப்போது தயவுசெய்து "கீபோர்டு போய்விட்டது" என்றோ "உனக்கு ஒழுங்காக மாட்டத் தெரியவில்லை" என்றோ சொல்லிவிடாதீர்கள். மிடி கேபிளில் ஒலி செல்வதே இல்லை. எந்தக் கட்டை, எவ்வளவு விசையுடன், எந்தச் சேனலில் (செய்தி செல்லும் தடத்தின் எண்) என்ற செய்தி மட்டுமே செல்கிறது. நடு 'சி' கட்டையை அழுத்தினால் 60 என்ற எண்ணும், அழுத்திய விசைக்கு 1 முதல் 127 வரை ஓர் எண்ணும் போகும். சுரம் எழுதிய தாள் தானாகப் பாடாது அல்லவா? அதைப் போலத்தான். ஒலி எழுப்ப ஃப்ளூயிட்சின்த் போன்ற மென்பொருள் வேண்டும், அல்லது செய்தி கருவிக்கே திரும்பிப்போக வேண்டும். கருவியின் ஒலியைப் பதிவுசெய்ய வேண்டுமானால் அதற்கு ஆடியோ கேபிள் தனியே வேண்டும்.

ஆகவே, செய்தி எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று பிள்ளையே தேடட்டும். இந்தத் தேடலைத்தான் நாங்கள் வகுப்பில் சொல்லித்தருகிறோம். வாசிப்பதைவிட இதில் பிள்ளைகள் அதிகம் கற்கிறார்கள் என்பது என் உறுதியான கருத்து.

கருவியின் 'அவுட்' கணினியின் 'இன்'னுக்குப் போக வேண்டும். சில யூஎஸ்பி கேபிள்களில் 'இன்' என்று எழுதிய முனையைக் கருவியின் 'அவுட்'டில் செருக வேண்டியிருக்கும். குழப்பமாக இருந்தால் இரண்டையும் மாற்றிச் செருகிப் பார்க்கலாம். அடுத்து, லினக்ஸின் ஒலி அமைப்பான ஆல்சா காட்டும் மிடி இணைப்புகளின் பட்டியலைப் பார்க்க வேண்டும். அதில் 'மிடி த்ரூ' என்றொரு பெயர் எந்தக் கருவியும் இணைக்காதபோதே இருக்கும். அதைத் தங்கள் கீபோர்டு என்று நினைத்து, மென்பொருளை அதனோடு இணைத்துவிட்டுப் பிள்ளைகள் வெகுநேரம் காத்திருப்பதுண்டு. கணினியில் செருகிய யூஎஸ்பி முனையைக் கழற்றினால் எந்தப் பெயர் மறைகிறதோ அதுதான் உங்கள் கருவியின் இணைப்பு. வரும் செய்திகளை வரிவரியாகக் காட்டும் மிடி கண்காணிப்புக் கருவியும் லினக்ஸில் உண்டு. அதற்கான கட்டளை பிள்ளைகளின் குறிப்பேட்டில் இருக்கிறது. கட்டையை அழுத்தும்போது திரையில் ஒரு வரி ஓடினால் கேபிளில் குற்றமில்லை, மென்பொருளுக்குள் தேட வேண்டும். அந்தத் திரையில் முதல் சேனல் பூஜ்யம் என்று தெரியும். அது பிழையன்று, எண்ணிக்கை அங்கே பூஜ்யத்தில் தொடங்குகிறது.

இதற்கு நேர்மாறான சிக்கலும் வரும். ஒரு கட்டைக்கு இரண்டு ஒலி, அல்லது ஒலி தடித்துக் கரகரப்பது. கட்டையை அழுத்தியதும் கருவி தானே ஒலிக்கிறது. அதே செய்தி கணினிக்குப் போய்த் திரும்பிவந்து மறுபடியும் ஒலிக்கச் செய்கிறது. கருவியின் அமைப்புகளில் 'லோக்கல் கன்ட்ரோல்' என்பதை அணைத்தால் சரியாகிவிடும். கணினி இல்லாமல் வாசிக்கும்போது அதை மறுபடி இயக்க மறந்துவிடக் கூடாது. மறந்தால் கீபோர்டு ஊமையாகிவிட்டது போலவே தோன்றும்.

மென்பொருள் வழியே வாசிக்கும்போது ஒலி தாமதமாக வந்தால் தாங்கல் அளவை, அதாவது கணினி ஒலியை வெளியிடுமுன் சேர்த்துவைக்கும் அளவை, மென்பொருளின் அமைப்புகளில் குறைக்க வேண்டும். நொடிக்கு 48,000 மாதிரிகள் என்ற வேகத்தில் தாங்கலை 256 மாதிரிகள் என்று வைத்தால் அந்த ஒரு தாங்கலின் தாமதம் ஏறக்குறைய 5 மில்லிநொடிதான். அதற்கும் கீழே இறக்கி ஒலி விட்டுவிட்டு வந்தால், பிள்ளையின் பயனர் கணக்குக்கு நிகழ்நேர முன்னுரிமை (ஒலி வேலையைக் கணினி முதலில் கவனிக்கும் அனுமதி) கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு நிர்வாகி கடவுச்சொல் தேவை. நீங்களே பக்கத்தில் இருந்து தட்டச்சு செய்யுங்கள்.

வீட்டுக் கணினியில் வேறு இயங்குதளம் இருந்தால் அவசரப்பட்டு அழித்து நிறுவ வேண்டாம். குடும்பப் புகைப்படங்களும் முக்கிய ஆவணங்களும் அதில் இருக்கும். யூஎஸ்பி நினைவகத்திலிருந்தே லினக்ஸை இயக்கிப் பார்க்க முடியும். அது எப்படி என்று பிள்ளைகளுக்குத் தெரியும்.

உங்கள் கீபோர்டின் அடியில் ஒட்டியிருக்கும் தாளிலுள்ள மாடல் எண்ணையும், பின்புறத்தில் எந்த இணைப்புமுகங்கள் இருக்கின்றன என்பதையும் எழுதி, வரும் வெள்ளிக்கிழமைக்குள் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். எந்தக் கேபிள் தேவை என்பதை இசை ஆசிரியர் பார்த்துச் சொல்வார். வீட்டில் கருவி இல்லாத பிள்ளைகளுக்காக இசை அறை, பள்ளி முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் திறந்திருக்கும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்