தெப்பக்குளக் கரையில் நடக்கிறவளுக்கு

அன்புத் தங்கச்சி,

அரித்திராநதித் தெப்பக்குளத்தின் தென்கரையில் உன்னைக் கண்டதும் அந்த உரக்கடைக்காரர் சைக்கிளை விட்டிறங்கி, உன் தெருமுனை வரை உருட்டிக்கொண்டே வருகிறாராமே! படித்ததும் மனசு நிறைந்தது. "இந்த வயசுல மறுகல்யாணம் தப்பாக்கா?" என்று கேட்டிருக்கிறாய். தப்பே இல்லை. மன்னார்குடியில் யாராவது பேசத்தான் செய்வார்கள், பேசட்டும்.

அவருக்கும் விவாகரத்து ஆகிவிட்டது என்கிறாய். அதை மட்டும் தாளில் பார்த்துவிடு. பெரியவர்கள் முன்னால் முத்திரைத்தாளில் எழுதி வாங்கியதையும் நம் பக்கம் 'டைவர்ஸ்' என்றுதான் சொல்கிறார்கள். அறுத்துக்கட்டும் வழக்கம், அதாவது கோர்ட்டுக்குப் போகாமலே உறவை முறித்து மறுமணம் செய்வது, தம் சமூகத்தில் உண்டு என்று நிரூபித்தால் தவிர, அந்தத் தாள் கோர்ட்டில் நிற்காது. அதை நம்பிச் செய்யும் கல்யாணம் செல்லாது. அவர் மேல் இருதார வழக்கும் வரும். ஏழாண்டு வரை சிறை. சந்தேகப்பட்டுக் கேட்பதுபோல் கேட்காதே. உன் தீர்ப்பு நகலை முதலில் நீயே எடுத்துக் கொடு, அவருடையதும் தானாக வரும்.

நகலில் மூன்றைப் பார். தீர்ப்பு, அதன் முடிவைச் சொல்லும் தீர்ப்பாணை (டிக்ரி) இரண்டும் கோர்ட்டு சான்றிட்ட நகலாக இருக்கவேண்டும், ஜெராக்ஸ் போதாது. இரண்டாவது, மேல்முறையீடு. பரஸ்பர சம்மதத்தில் (இந்து திருமணச் சட்டம், 13பி பிரிவு) முடிந்திருந்தால் பொதுவாக மேல்முறையீடு கிடையாது. வழக்காடி முடிந்திருந்தால் தீர்ப்புத் தேதியிலிருந்து 90 நாள் மேல்முறையீட்டுக் காலம். நகல் வாங்க ஆன நாட்களை அதில் கழித்துக்கொள்வார்கள் என்பதால், 91-ஆம் நாளே முகூர்த்தம் குறிக்காதே. நான்கைந்து மாதம் விட்டு, மேல்முறையீடு ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று வக்கீலை வைத்துப் பார்த்துக்கொள். மூன்றாவது, அது எதிர்த்தரப்பு கோர்ட்டுக்கு வராமலே சொன்ன ஒருதலைப்பட்சத் தீர்ப்பா? எதிர்த்தரப்புக்குச் சம்மன் சரியாகப் போய்ச் சேரவில்லை என்றால், அவர்கள் விஷயம் தெரிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அதை ரத்துசெய்யக் கேட்கலாம். வருஷம் கழித்துக்கூட அப்படி மனு வருவது இதனால்தான். சம்மன் சேர்ந்த பதிவு வழக்குக் கட்டில் இருந்தால் நிம்மதி.

கல்யாணத்தைப் பெரிதாக்கவேண்டாம் என்கிறாய், எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. இந்து திருமணச் சட்டத்தில் நம் மாநிலம் சேர்த்த 7ஏ பிரிவு இருக்கிறது. உறவும் நட்பும் சூழ, இவரை ஏற்கிறேன் என்று இருவரும் சொல்லி, மாலையோ மோதிரமோ மாற்றினாலும் தாலி கட்டினாலும் போதும். ஐயர் கட்டாயமில்லை. 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடு. தாமதக் கட்டணத்தோடு 150 நாள் வரை விடுவார்கள். படிவத்தில் 'விவாகரத்தானவர்' என்றே எழுது. கூச்சப்பட்டு மாற்றி எழுதினால் பின்னால் பாஸ்போர்ட்டில் இடிக்கும்.

முன்னவர் உனக்குத் தரும் ஜீவனாம்சம் மறுமணத்தால் நின்றுபோகலாம். பாப்பாவுக்குத் தருவது அதனால் நிற்காது, விட்டுக்கொடுக்காதே. அவளுடைய இனிஷியலையும் மாற்றவேண்டியதில்லை. உரக்கடைக்காரரை 'அப்பா' என்று கூப்பிடச் சொல்லி அவசரப்படுத்தாதே, 'மாமா'வே போதும். ஒன்று மட்டும்: அவர் சொத்தில் அவளுக்குத் தானாகப் பங்கு வராது. தர நினைத்தால் அவர் உயில் எழுதவேண்டும்.

அம்மாவிடம் நகல்கள் கைக்கு வந்தபிறகு சொல். "கோர்ட்டு முடிஞ்சுதா?" என்பதுதான் அவர் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கும்.

தேதி குறித்ததும் எழுது.

அன்புடன்,
உன் அக்கா