ஜாக்கெட்டில் மூன்று கிரேக்க எழுத்து: தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவில் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பியிருக்கும் தமிழ்ப் பெற்றோர்களுக்கு,

வணக்கம். மிட்வெஸ்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். நான்கு வருஷத்துக்கு முன்னால் இரண்டு மாணவிகள் என் அறைக்கு வந்து, தங்கள் சொரோரிட்டிக்கு அட்வைசராக இருக்க முடியுமா என்று கேட்டார்கள். சொரோரிட்டி என்றால் கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைத்துக்கொள்ளும் கல்லூரிப் பெண்கள் சங்கம்; ஆண்களுடையது ஃப்ரட்டர்னிட்டி. இது தெற்காசியப் பெண்கள் நடத்துவது. ஆசிரியர் ஒருவர் கையெழுத்துப் போட்டால்தான் பல்கலைக்கழகம் அங்கீகரிக்குமாம். கையெழுத்துதானே என்று போட்டுவிட்டேன்.

இந்தப் பிப்ரவரியில் அவர்களில் நான்கு பேரை வேனில் ஏற்றிக்கொண்டு, இண்டியானாபொலிஸில் ஃப்ரட்டர்னிட்டி, சொரோரிட்டி மாணவர் தலைவர்களுக்காக நடந்த ஒரு மாநாட்டுக்குப் போய்வந்தேன். வளாகத்தில் நான் ‘ப்ரொஃபசர்’. வேன் ஊர் எல்லையைத் தாண்டியதும் ‘ஆன்ட்டி’. இந்த மடலைத் தமிழில் எழுதக் காரணம் உண்டு. உங்கள் பிள்ளைகளுக்கு முன்னால் நீங்கள் இதைப் படித்துவிட வேண்டும்.

நம்மில் பாதிப் பேருக்கு ஃப்ரட்டர்னிட்டி என்றால் பீரும் கூத்தும். மீதிப் பாதிக்கு அது தமிழ்ச் சங்கம் மாதிரி ஏதோ ஒரு கிளப். பிள்ளைகளும் நம்மிடம் ‘கிளப்’ என்றுதான் சொல்கிறார்கள். 1776இல் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் ஐந்து மாணவர்கள் தொடங்கிய ஃபை பீட்டா காப்பாவிலிருந்து இந்தக் கிரேக்க எழுத்துக் கதை ஆரம்பிக்கிறது. வெள்ளைப் பிள்ளைகள் கதவை அடைத்தபோது கறுப்பின மாணவர்கள் தங்களுக்கென்று தனியாகக் கட்டிக்கொண்டார்கள்: 1906இல் கார்னெலில் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா, 1908இல் ஹோவர்டில் ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா. நாம் ‘துளசேந்திரபுரத்துப் பேத்தி’ என்று கொண்டாடிய கமலா ஹாரிஸ் இந்த இரண்டாவதில்தான் உறுப்பினர். தெற்காசியப் பிள்ளைகள் வந்து சேர்ந்தது 1990களில். ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் 1998இல் மட்டும் டெல்டா எப்சிலான் சை என்ற ஃப்ரட்டர்னிட்டியும் காப்பா ஃபை காமா என்ற சொரோரிட்டியும் தொடங்கின.

ஏன் சேர்கிறார்கள் என்று எனக்கு இப்போது புரிகிறது. பல்லாயிரம் பேர் படிக்கும் வளாகத்தில், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒரு வாய் ரசம் சாதம் சாப்பிட வேண்டும்போல் இருக்கிறது என்று சொன்னால் விளக்கம் கேட்காமல் குக்கரை வைக்க நாலு பேர் வேண்டும். அதை அந்தப் பெண்கள் ஒருவருக்கொருவர் செய்கிறார்கள், கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சரி, மாநாடு. வெள்ளி சாயங்காலத்திலிருந்து ஞாயிறு மதியம் வரை. ஹோட்டல் லாபி முழுக்க எழுத்துப் போட்ட ஜாக்கெட்டுகள். பட்ஜெட் போடுவது எப்படி, கூட்டம் நடத்துவது எப்படி என்று வகுப்புகள். அவற்றில் பாதி, நம்மூர் அலுவலகப் பயிற்சி முகாம் மாதிரி தூக்கம் வரவழைத்தன. என் கண்ணில் நின்றது கடைகள் போட்டிருந்த கூடம்தான். ஒரு கடையில் கை நீளத்துக்கு மரத்துடுப்புகள், வார்னிஷ் பூசி, எழுத்துகளைச் செதுக்கி அடுக்கியிருந்தார்கள். "இது எதற்கு?" என்றேன். "லிட்டில் தன்னோட பிக்குக்குக் கொடுக்கிற கிஃப்ட் ஆன்ட்டி, சுவத்துல மாட்டிக்கலாம்" என்றாள் ஒருத்தி. புதிதாகச் சேர்பவள் லிட்டில், அவளுக்கு வழிகாட்டும் சீனியர் பிக். ஒரு காலத்தில் இதே துடுப்பால்தான் புதியவர்களை அடித்தார்கள். வாத்தியார் வீட்டுப் பிரம்புக்கு ஜரிகை சுற்றி ஷோகேஸில் வைத்த மாதிரி இருந்தது எனக்கு.

மறுநாள் ஹேஸிங் பற்றி ஒரு வகுப்பு. நம்ம ஊர் ராகிங்தான். நான்கு பேரும் ஒழுங்காகக் குறிப்பெடுத்தார்கள். திரும்பும் வழியில், இருட்டிய பிறகு, பின் சீட்டிலிருந்து ஒரு குரல்: "புதுசா சேர்றவங்க போனை நாம மூணு நாள் வாங்கி வைக்கிறோமே, அது ஹேஸிங்ல வருமா?" கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. "அது பாண்டிங்" என்றாள் இன்னொருத்தி. "யாரும் கட்டாயப்படுத்தலையே." வண்டி ஓட்டிக்கொண்டே கேட்டேன்: "தரமாட்டேன்னு இதுவரைக்கும் யாராவது சொல்லியிருக்காங்களா?" பதில் வரவில்லை.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை குறைவு. 1995இல் மதுரைப் பக்கம் ஒரு கல்லூரி விடுதியில் இரட்டைப் பின்னல் போட்டு, எண்ணெய் வழிய, சீனியர் முகத்தை நிமிர்ந்து பார்க்காமல் நடந்தவள் நான். அடுத்த வருஷமே நானும் சீனியர். ஒரு முதல் வருஷப் பெண்ணை என் ரெக்கார்டு நோட்டை எழுத வைத்தேன், பாடவும் வைத்தேன். நல்லாப் பாடினாள். 1996 நவம்பரில் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொலையான செய்தி வந்தபிறகுதான் எங்கள் விடுதி அடங்கியது. 1997இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. அந்த ரெக்கார்டு நோட்டை நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்று வேனிலும் சொல்லவில்லை.

‘என் பையன் குடிக்க மாட்டான், பிரச்சினையில்லை’ என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 2017இல் இறந்த திமோதி பியாட்சாவின் கதையில் குடி இருந்தது. கீழ்த்தளப் படிக்கட்டில் விழுந்தவருக்காக 911ஐ அழைக்கக் கிட்டத்தட்ட 12 மணி நேரம் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் 2013 டிசம்பரில் பென்சில்வேனியாவின் போக்கனோ மலையில் ஒரு ஆசிய அமெரிக்க ஃப்ரட்டர்னிட்டி தன் புதிய உறுப்பினரின் கண்ணைக் கட்டி, முதுகில் பாரத்தை ஏற்றி, பனியில் ஆளுக்கு ஆள் மோதித் தள்ளியது. நியூயார்க்கில் படித்த முதலாமாண்டு மாணவர் அவர். நினைவிழந்த பிறகும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை, பிழைக்கவில்லை. அதை நடத்தியவர்களும் நம் பிள்ளைகள் மாதிரி, வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள்தான்.

பிள்ளையை விலகச் சொல்லி நான் கேட்கவில்லை. விலகச் சொன்னால் நம்மிடம் சொல்வதைத்தான் நிறுத்துவார்கள். 2024 டிசம்பரில் கல்லூரி ஹேஸிங் தடுப்புக்கென்று மத்திய சட்டம் ஒன்று கையெழுத்தானது. அதன்படி, விதியை மீறியதாக முடிவான அமைப்பின் பெயர், நடந்தது என்ன, என்ன தண்டனை என்பதைக் கல்லூரி தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். கல்லூரியின் பெயரோடு ‘ஹேஸிங் ட்ரான்ஸ்பரன்சி ரிப்போர்ட்’ என்று தேடிப் பாருங்கள். பட்டியலில் பெயர் இல்லை என்பதால் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தமில்லை. இருந்தால் மட்டும் நிச்சயம் அர்த்தம் உண்டு. தேடிப் படித்துவிட்டு, அப்புறம் பிள்ளையிடம் பேசுங்கள். ‘அங்க என்ன நடக்குது?’ என்று விசாரணை மாதிரி ஆரம்பித்தால் ‘நத்திங்’ என்றுதான் வரும். ‘உன் பிக் பேரு என்ன, எந்த ஊரு?’ என்று கேட்டுப் பாருங்கள். எனக்குத் தெரிந்து அதற்கு யாரும் பதில் சொல்லாமல் இருந்ததில்லை.

எங்கள் பெண்கள் அடுத்த வாரமே கூட்டம் போட்டார்கள். போன் வாங்கி வைப்பதை நிறுத்துவதற்கு ஓட்டெடுப்பு. ஒரு ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது. அந்த ஒரு ஓட்டு இன்னும் என் தூக்கத்தைக் கெடுக்கிறது.

ஏப்ரலில் புதிய உறுப்பினர்களை மேடையேற்றி அறிமுகப்படுத்துவார்கள். வாசல் எல்லோருக்கும் திறந்துதான் இருக்கும். போன வருஷம் எட்டுப் பெண்கள் மேடையேறினார்கள், இரண்டு பேரின் பெற்றோர்தான் வந்தார்கள். மற்ற வீடுகளில் ‘ஏதோ டான்ஸ் ப்ரோக்ராம்மா’ என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். உங்கள் பிள்ளையின் வளாகத்திலும் இப்படி ஒன்று நடக்கும். தேதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வரும்போது ஒரு டிபன் பாக்ஸில் புளியோதரை கொண்டுவந்தால் மொத்தச் சொரோரிட்டியும் உங்களைச் சுற்றி உட்கார்ந்துவிடும்.

அன்புடன்,
கையெழுத்துப் போட்ட ஆன்ட்டி