ஃபிரேம் ரிலேயும் ஈதர்நெட்டும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கல்விப் பகுதியில் அண்மையில் வெளிவந்த பாடக் குறிப்பில், தொலைவில் உள்ள அலுவலகங்களைத் தொலைபேசி நிறுவனத்தின் வலையமைப்பு வழியே இணைக்கும் ஃபிரேம் ரிலேயில், பல ரூட்டர்கள் (செய்திகளுக்கு வழிகாட்டும் கருவிகள்) ஒரே சப்நெட்டில் (ஒரே முகவரித் தொகுதியில்) இருப்பதால் அது, பெரும்பாலும் ஒரே கட்டடத்துக் கணினிகளை இணைக்கும் ஈதர்நெட்டைப் போலவே நடந்துகொள்ளும் என்று எழுதப்பட்டிருந்தது. ஒரே சப்நெட் என்பது வரை சரி. ‘போலவே’ என்பதுதான் பிழை. பிள்ளைகள் தேர்வில் அதை அப்படியே எழுதிவிடக் கூடாதே என்றுதான் இக்கடிதம்.

ஈதர்நெட்டில் ஒரு கணினி எல்லோருக்குமாக அனுப்பும் செய்தி, அந்த லேனில் (உள்ளூர் வலையமைப்பில்) உள்ள அத்தனைக்கும் போய்ச் சேரும். ஃபிரேம் ரிலேயில் அப்படியொரு பொது ஊடகமே கிடையாது. இரண்டு அலுவலகங்களுக்கு இடையே பி.வி.சி. எனப்படும் நிலையான சுற்று போடப்பட்டிருந்தால்தான் அவை நேராகப் பேசிக்கொள்ளும். ஒரே கம்பியில் பல சுற்றுகள் வந்திறங்கும். எது எந்தச் சுற்று என்பதை டி.எல்.சி.ஐ. எண் காட்டும். அந்த எண்ணும் அந்தந்த முனையில் மட்டுமே செல்லுபடியாகும்: ஊட்டியில் 102 என்றிருக்கும் சுற்று, குன்னூர் முனையில் 201 ஆக இருக்கலாம். எல்லோருக்கும் அறிவிக்க வேண்டுமென்றால் ரூட்டரே சுற்றுக்கு ஒரு நகலாக எடுத்து அனுப்ப வேண்டும். 30 சுற்றுகள் என்றால் 30 நகல்களும் நொடிக்கு 64 கிலோபிட் கடத்தும் அதே கம்பியில் வரிசையில் நிற்கும். மல்டி ஆக்சஸ் (ஒரே வலையில் பலர் சேர்வது) உண்டு, பிராட்காஸ்ட் (ஒரே செய்தி எல்லோருக்கும் போவது) இல்லை, இதைத்தான் என்.பி.எம்.ஏ. (நான்-பிராட்காஸ்ட் மல்டி ஆக்சஸ்) என்கிறோம்.

எல்லா அலுவலகங்களையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டால் தொல்லை குறையும். ஆனால் 4 அலுவலகங்களுக்கு 6 சுற்றுகள் என்றால் 10 அலுவலகங்களுக்கு 45 சுற்றுகள் வேண்டும். வாடகை கொடுத்து மாளாது. ஆகவே தலைமை அலுவலகத்தை நடுவில் வைத்துக் கிளைகளை அதனோடு மட்டும் இணைப்பார்கள். கூடலூர்க்காரர் கோத்தகிரிக்குப் போக ஊட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கி வேறு பஸ் ஏறுவதைப் போன்றதுதான் இது.

2000-களின் தொடக்கத்தில் ஒரு தேயிலை வணிக நிறுவனத்தில் இப்படியொரு அமைப்பை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடி மழையில் ஒருநாள் ஊட்டியில் கரண்ட் போய், ரூட்டர் அணைந்து, வெகுநேரம் கழித்து உயிர் பெற்றது. சற்று நேரத்தில் கூடலூர்க் கிளையிலிருந்து தொலைபேசி: “சார், லைன் நல்லாத்தான் இருக்குது, விளக்கும் எரியுது, கோத்தகிரி மட்டும் வரவே மாட்டேங்குது.” கம்பியில் குறையே இல்லை. ரூட்டர்கள் தமக்குத் தெரிந்த வழிகளைப் பகிர்ந்துகொள்ள நாங்கள் பயன்படுத்திய ஓ.எஸ்.பி.எஃப். முறையில், இத்தகைய வலையமைப்பின் ரூட்டர்கள் தங்களுக்குள் ஒரு தலைமை ரூட்டரைத் தேர்ந்தெடுத்து, வழிக் கணக்கை அதனிடம் ஒப்படைக்கும். 30 நொடிக்கு ஒருமுறை வர வேண்டிய ‘ஹலோ’ என்னும் ‘இருக்கிறேன்’ செய்தி 120 நொடிகள் வராததால், ஊட்டி இல்லையென்று கிளைகள் முடிவுகட்டிவிட்டன. கோத்தகிரி ரூட்டர் தானே தலைமையை எடுத்துக்கொண்டது. ஏற்கெனவே பதவியில் இருப்பவரை ஊட்டி திரும்பி வந்தாலும் இறக்க முடியாது, அது அந்த முறையின் விதி. கூடலூருக்கோ கோத்தகிரியோடு சுற்றே இல்லை. கண்ணில் படாத தலைவரிடம் அது எப்படிக் கணக்கு ஒப்படைக்கும்? கிளை ரூட்டர்களின் முன்னுரிமையை 0 என்று வைத்து, அவை தேர்தலில் நிற்கவே முடியாதபடி செய்த பிறகுதான் சிக்கல் தீர்ந்தது. அந்த 0-வை முதல் நாளே போட்டிருக்க வேண்டும். போடாதது என் தவறு.

வழிகளைப் பகிர்ந்துகொள்ளும் ரிப் போன்ற வேறு முறைகளில் வேறொரு வம்பு உண்டு: ஓர் இடைமுகத்தில் (ரூட்டரில் கம்பி வந்து சேரும் வாயிலில்) கற்ற வழியை அதே இடைமுகத்தில் திருப்பிச் சொல்லக் கூடாது என்பது ஸ்பிலிட் ஹொரைசன் விதி. கூடலூர் சொன்ன வழியைக் கோத்தகிரிக்குச் சொல்ல வேண்டிய ஊட்டியின் வாயை அவ்விதியே அடைத்துவிடும். ஒரே வாயிலைப் பிரித்து, சுற்றுக்கு ஒரு துணை இடைமுகம் அமைப்பது இதற்கு மருந்து.

ஃபிரேம் ரிலே வழக்கொழிந்துவிட்டதே என்று சிலர் கேட்கலாம். ஆனால் கிளைகளை இணையத்தின் மேல் தனிப்பட்ட முறையில் இணைக்கும் டி.எம்.வி.பி.என். வலையமைப்பும் என்.பி.எம்.ஏ. வகையே, அங்கும் ஓ.எஸ்.பி.எஃப். தலைமை ரூட்டரைத் தேர்ந்தெடுக்கும்படி அமைத்தால், அது நடுமையத்தில்தான் இருந்தாக வேண்டும். அடுத்த கல்விப் பகுதியில் இத்திருத்தத்தை வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நெட்வொர்க் பொறியாளர்,
அருவங்காடு, நீலகிரி மாவட்டம்.