சக் வேகன் கேங் இசைத்தட்டுகள் வாங்குமுன்

அன்புள்ள மகளுக்கு,

அமெரிக்காவில் கிறிஸ்தவப் பாட்டுப் பாடிய குடும்பக் குழுவான சக் வேகன் கேங்கின் பழைய இசைத்தட்டுகளைச் சேர்க்கப்போவதாக எழுதியிருந்தாய். ரொம்ப சந்தோஷம். ஆனால் கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்துவிடாதேம்மா. இந்தக் குடும்பத்தின் பாட்டுக்கு உயிரே நான்கு குரல்களும் ஒன்றையொன்று அமுக்காமல் நிற்பதுதான். தப்பான பதிப்பும் தப்பான ஊசியும் முதலில் கெடுப்பது அதைத்தான்.

1935-இல் டெக்சஸின் லபக் ஊரில் தொடங்கியவர்கள். அப்பா கார்ட்டர் டெனர் (ஆணின் மேல்குரல்), மகள் ரோஸ் சோப்ரானோ (பெண்ணின் மேல்குரல்), இன்னொரு மகள் ஆன்னா ஆல்ட்டோ (பெண்ணின் கீழ்க்குரல்), மகன் ஜிம் பேஸ் (ஆணின் கீழ்க்குரல்). ஜிம்மின் கிட்டார் ஒன்றே பக்கவாத்தியம். நம் சபைப் பாடகர் குழு டோ, ரே, மீ என்ற சோல்ஃபா எழுத்தைப் பார்த்துப் பாடுகிறது அல்லவா? டெக்சஸ் பக்கத்துக் கிராமங்களில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு வடிவம்: மீ வைரம், ஸோ வட்டம், லா சதுரம். அப்படிப் பழகிய பாட்டு இது.

1936-இல் சான் அன்டோனியோவில் முதல் பதிவு. 1940-களின் இறுதிவரை வந்தவை நிமிடத்துக்கு 78 தடவை சுழலும் தட்டுகள். ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம். இதற்கு எல்.பி. (பிற்காலத்து நீளப் பதிவுத் தட்டு) ஊசி ஆகாது. 78-இன் பள்ளம் அகலம். எல்.பி.க்கான 1 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஊசி அடியில் கிடக்கும் தூசியையும் தேய்மானத்தையும்தான் உரசும், பாட்டைவிட இரைச்சல் பெரிதாகக் கேட்கும். 3 மில் ஊசி வாங்கு. ஊசி தட்டை அழுத்தும் எடை 4, 5 கிராம் வரை போகலாம். ஊசியோடு வரும் தாளில் போட்டிருப்பதை மீறாதே.

வாங்கும்போது தட்டை விளக்குக்குச் சாய்த்துப் பார். பள்ளம் சாம்பல் பூத்திருந்தால் பழைய எஃகு ஊசி தின்றுவிட்டது என்று அர்த்தம். எவ்வளவு கழுவினாலும் அது திரும்பாது.

அழுக்கு மட்டும் என்றால் காய்ச்சி வடித்த நீரில் இரண்டு சொட்டுப் பாத்திரச் சோப்பு விட்டு, மெல்லிய துணியால் பள்ளம் போகும் போக்கிலேயே துடை. லேபிளில் ஈரம் படக் கூடாது. ஆல்கஹால் மட்டும் வேண்டவே வேண்டாம், 78 தட்டில் இருக்கும் அரக்கைக் கரைத்துவிடும்.

இன்னொன்று. தட்டின் மெல்லிய ஒலியைப் பெருக்கும் ப்ரீஆம்ப், இன்று வருவது, கீழ்ச்சுருதி, மேல்சுருதிக்கு 1954-க்குப் பிறகு பொதுவான அளவுக்குச் செய்தது. அதற்கு முன் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கணக்கு. இவர்கள் தட்டுகளை வெளியிட்ட கொலம்பியா கம்பெனியின் 78-ஐ அப்படியே போட்டால் கீழ்ச்சுருதி தடித்து, ஜிம்மின் குரலும் கிட்டாரின் கீழ்த் தந்தியும் ஒட்டிக்கொள்ளும். இரண்டும் பிரிந்து கேட்கும்வரை ஒலிபெருக்கியில் கீழ்ச்சுருதியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறை.

எல்.பி.யில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கொலம்பியா எண்ணில் சி.எல். என்றால் மோனோ (ஒரே ஒலித்தடம்), சி.எஸ். என்றால் ஸ்டீரியோ (இரண்டு ஒலித்தடம்). அதன் மலிவுப் பதிப்பான ஹார்மனியில் அதேபோல எச்.எல்., எச்.எஸ். பழைய பாட்டுகளின் 1960-களின் மறுபதிப்பில் 'எலக்ட்ரானிக்கலி ரீ-சேனல்டு ஃபார் ஸ்டீரியோ' என்று அச்சிட்டிருந்தால் வைத்துவிட்டு வா. ஒரே மோனோ ஒலியைச் செயற்கையாக இரண்டாக்கி இரு பக்கமும் தள்ளியிருப்பார்கள். ஒரே மைக்கைச் சுற்றி நின்ற குடும்பம் அறையின் இரு மூலைக்குப் போய்விடும். இரு பக்கத்தையும் ஒன்றாக்கும் மோனோ பொத்தானை அழுத்தினாலும் சரியாகாது. சில சுரங்கள் ஒன்றையொன்று தின்று குரல் குடைந்ததுபோல ஆகும். உண்மையான மோனோ தட்டுக்கு மட்டும் அந்தப் பொத்தானை அழுத்து. பொரிபொரி சத்தம் பாதி அடங்கும்.

1948-இல் பதிவான 'ஐ'ல் ஃப்ளை அவே'யிலிருந்து தொடங்கு. முதல் தடவை ரோஸை விட்டுவிட்டு ஆன்னாவின் ஆல்ட்டோவை மட்டும் பின்தொடர்ந்து கேள். தட்டுகளை நிமிர்த்தியே வை, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதே, 78 விரிசல் விட்டுவிடும்.

கையில் கிடைப்பது சி.எல்.லா, சி.எஸ்.ஸா என்று எழுதும்மா.

அன்புடன்,
அப்பா