வெப்சைட் வகுப்புல 2015லயே நீக்கிட்ட பாடத்த இன்னும் ஏன் நடத்தணும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

பரீட்சை முடிஞ்சு லீவு விட்டாச்சுன்னா வெப்சைட் செய்ய கத்துக்கலாம்னு பேப்பர்லயும் சுவத்துலயும் விளம்பரமா வருது, பசங்களும் ஆசையா போய் சேர்றாங்க. நான் இந்த வேலையில இருக்கறதால எங்க தெருப் பசங்க சிலர் சாயங்காலம் நோட்டோட சந்தேகம் கேக்க வருவாங்க. அந்த நோட்டுல இருக்கறத பாத்துட்டு மனசு கேக்காமத்தான் இத எழுதுறேன்.

அந்த வகுப்புகள்ல வெப்சைட்ட இயக்குற பிஎச்பிங்கற கம்ப்யூட்டர் மொழியும், தகவல்கள சேர்த்து வைக்கிற மைஎஸ்க்யூஎல்ங்கற டேட்டாபேஸும் சொல்லித்தர்றாங்க, அதுல தப்பே இல்ல, ரெண்டுமே இலவசம், ரெண்டையும் ஓட்டுற ஸாம்ப்ங்கற மென்பொருள் போட்டா வீட்டு கம்ப்யூட்டர்லயே ஓடும், நிறைய பேர் வெப்சைட் செய்ய பயன்படுத்துற வேர்ட்பிரஸ் கூட இது மேலதான் நிக்குது. ஆனா டேட்டாபேஸ கூப்பிட அவங்க எழுதிப்போடுற பழைய ஃபங்ஷன்கள (மொழியிலயே ரெடியா இருக்கற கட்டளைகள) 2013ல பிஎச்பி 5.5 வந்தப்பவே இனிமே பயன்படுத்தாதீங்கன்னு சொல்லியாச்சு, 2015 டிசம்பர்ல 7.0 வந்தப்ப அடியோட எடுத்தாச்சு. பையன் வீட்டுக்கு வந்து புது வெர்ஷன்ல அதே கோட அடிக்கிறான், அப்படி ஒரு ஃபங்ஷனே இல்லன்னு எரர் வருது, அவன் என்னடான்னா தனக்கு மூளை பத்தலன்னு நெனச்சுக்கிட்டு விட்டுடுறான். இதத்தான் என்னால தாங்க முடியல.

இன்னொன்னு, முதல் நாளே கோடுல இறக்கி விட்டுடுறாங்க. ஒரு நூலகத்துக்கு சைட் செய்யணும்னா முதல்ல பேப்பர் பேனா எடுத்து புத்தகத்துக்கு ஒரு டேபிள் (கட்டம் போட்ட பட்டியல்), மெம்பருக்கு ஒரு டேபிள், யாரு எத எப்ப எடுத்தாங்கங்கறதுக்கு மூணாவதா ஒரு டேபிள்னு போடணும், அந்த மூணாவதுல புத்தகத்தோட நம்பரும் மெம்பரோட நம்பரும் இருந்தா போதும். இது தெரியாத பிள்ளைங்க எல்லாத்தையும் ஒரே டேபிள்ல கொட்டி வச்சிடுறாங்க, அப்புறம் ஒருத்தர் போன் நம்பர் மாத்தினா அவர் எடுத்த புத்தகம் ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல போய் மாத்தணும், ஒண்ணு விட்டுப்போனாலும் எது சரியான நம்பர்னு யாருக்கும் தெரியாது.

பாதுகாப்பு விஷயம் இதவிட மோசம். ஃபார்ம்ல டைப் பண்ண பேர அப்படியே டேட்டாபேஸுக்கு கொடுக்குற கட்டளையான எஸ்க்யூஎல் வரிக்குள்ள ஒட்டுறாங்க. டி'சூசான்னு ஒரு மெம்பர் தன் பேர இங்கிலீஷ்ல அடிச்சா நடுவுல வர்ற அந்த ஒத்தக் கொட்டேஷன்லயே வரி உடைஞ்சு பக்கம் எரராகுது. அதே ஓட்டை வழியா விவரம் தெரிஞ்சவன் பாஸ்வேர்டே இல்லாம உள்ள வரலாம், டேபிள் மொத்தத்தையும் அள்ளிட்டுப் போகலாம். பேர் வர்ற இடத்துல கேள்விக்குறி போட்டு வரிய தனியா அனுப்பிட்டு பேர அப்புறமா தனியா அனுப்புற ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் முறை இருக்கு, கூட ரெண்டு வரிதான் ஆகும், கேட்டா அதெல்லாம் அட்வான்ஸ்டு கோர்ஸ்லங்கறாங்களாம். டேட்டாபேஸுக்கு போடுற முதல் கட்டளையே அப்படித்தாங்க எழுதணும், தப்பா பழகின கைய பின்னாடி திருத்தறது ரொம்ப கஷ்டம். பாஸ்வேர்ட மறைச்சு சேமிக்க, சுலபமா உடைக்கக்கூடிய பழைய எம்டி5 முறையில போடச் சொல்றதும் அப்படித்தான், பாஸ்வேர்டுக்குன்னே பிஎச்பியில ஒரு ஃபங்ஷன் 2013லேருந்து இருக்கு.

நம்ம பசங்களுக்குன்னு தனியா ஒரு விஷயமும் இருக்கு, இங்கிலீஷ் வீடியோவுல இத பெருசா சொல்ல மாட்டாங்க. பழைய மைஎஸ்க்யூஎல்ல செட்டிங் மாத்தாம தமிழ் அடிச்சா வெறும் கேள்விக்குறியா நிக்கும், அதனால எல்லா மொழி எழுத்தையும் சேமிக்கிற யூடிஎஃப்8எம்பி4ங்கற செட்டிங்க வைக்கணும், 2018ல வந்த மைஎஸ்க்யூஎல் 8.0லேருந்து அது தானாவே வரும். அப்புறம் பேருக்கு எத்தன எழுத்து இடம் விடறதுங்கறது. கிருஷ்ணமூர்த்தின்னா நம்ம கண்ணுக்கு 8 எழுத்து, டேட்டாபேஸ் கொம்பு, புள்ளியெல்லாம் தனித்தனியா எண்ணி 15ங்கும். பத்து போதும்னு விட்டீங்கன்னா பேர் பாதில நிக்கும், இல்ல எரர் வரும்.

ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடி பெத்தவங்க எந்த பிஎச்பி வெர்ஷன்ல சொல்லித்தர்றீங்கன்னு கேளுங்க, 5ன்னு பதில் வந்தா சேர்க்காதீங்க. காசு கட்ட முடியாதவங்க கணினி பத்தி தமிழ்ல எழுதற கணியம்ங்கற இணையதளத்துக்குப் போங்க, மைஎஸ்க்யூஎல் பத்தி எளிய தமிழ்ல இலவச மின்னூலே இருக்கு. உங்க பேப்பரோட மாணவர் பக்கத்துல இந்த டேபிள் போடுற பாடத்த வாரம் கொஞ்சமா தமிழ்ல வெளியிட்டீங்கன்னா நல்லாருக்கும், எழுதித்தர நான் தயாரா இருக்கேன், காசு எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தூத்துக்குடி